பாதீடு: பாத்திரமேற்பு இணைய விளையாட்டுகளில் பங்கும் பண்பும் – புறத்திணை நோக்கில் ஒரு மதிப்பீடு

முன்னுரை

பத்துமலை வட்டாரத்தில் பதின்ம வயது மாணவர்க்கென நடைபெற்ற வாரயிறுதித் தமிழ் வகுப்பொன்றிற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நாம் சென்றிருந்தோம். பாடம் தொடங்குமுன் மூன்று மாணவரிடையே கடும் வாக்குவாதம் மூண்டிருந்தது. முந்தின இரவு மூவரும் இணையத்தில் ஒன்றுகூடி ஒரு பெரும் பூதத்தை வீழ்த்தியுள்ளனர். அது விட்டுச்சென்ற வாளை ஒருவன் எடுத்துக்கொண்டான். 'அடிச்சதுல பாதி நான்' என்றான் மற்றவன். மூன்றாமவன், 'நான் ஹீல் பண்ணலேன்னா ரெண்டு பேருமே செத்திருப்பீங்க. எனக்கு ஒன்னுமே இல்லையா?' என்று கேட்டான். ஆசிரியரோ, 'விளையாட்டுத்தானே, விடுங்கள்' என்று கூறிப் பாடத்தைத் தொடங்கிவிட்டார்.

காயமுற்றோரை ஆற்றிக்கொண்டிருந்த அம்மூன்றாம் மாணவனின் வினாவே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாக அமைந்தது. பலர் ஒருங்கே பாத்திரமேற்று ஆடும் இணைய விளையாட்டுகளில் எழும் பூசல்கள் பலவும் பங்கீட்டைப் பற்றியவை என்பதும், அப்பங்கீட்டைச் சிந்திப்பதற்குத் தமிழ்ப் பொருளிலக்கணத்தில் செவ்விய கருத்தாக்கம் ஒன்று உண்டு என்பதும் ஈண்டு நிறுவப்பெறும். அக்கருத்தாக்கம் எவ்வளவு தூரம் பொருந்தும், எங்குப் பொருந்தாது என்பதும் உடன் ஆராயப்பெறும்.

எரிச்சல்களின் இயல்பு

மலேசிய இளையோரிடையே இவ்வகை விளையாட்டுகள் பரவியதில் 'மேப்பிள்ஸ்டோரி'க்குத் தனியிடம் உண்டு. 2003இல் தென்கொரியாவில் வெளிவந்த இவ்விளையாட்டின் தென்கிழக்காசியப் பதிப்பு, 2005இல் சிங்கப்பூர், மலேசிய விளையாட்டாளர்க்கெனத் தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் சைபர் கஃபேக்களில் அதனை ஆடியவர்கள் இன்று பெற்றோராகவும் ஆசிரியராகவும் உள்ளனர். அவர்கள் நினைவில் நிற்கும் எரிச்சல்களைத் தொகுத்து நோக்கின் ஓர் ஒழுங்கு புலனாகிறது.

ஒருவர் அடித்துத் தளர்த்திய விலங்கைப் பிறர் இறுதி அடியால் வீழ்த்திப் பயனைக் கவர்வது முதலாவது. 'கே.எஸ்.' என்னும் ஈரெழுத்தால் இது வசையாகவே வழங்கிற்று. இரண்டாவது இடப்பூசல். விளையாட்டின் ஒரே நிலப்பகுதி பல 'சேனல்'களாகப் பகுக்கப்பட்டிருக்கும். முன்னர் வந்தவர்க்கே அவ்விடம் உரியது என்பது விளையாட்டாளர் தாமே வகுத்துக்கொண்ட மரபு. பின்வந்தவரை வேறு சேனலுக்குப் போகுமாறு வேண்டும் 'சி.சி. பிளீஸ்' என்னும் தொடர் நாள்தோறும் ஒலித்தது. வீழ்ந்த பொருளை உரியவர்க்கு முன் அள்ளிச் செல்லுதல், பண்டமாற்றில் ஏமாற்றுதல், உழைப்பின்றிக் குழுவில் ஒட்டிக்கொண்டு வளர்தல், முன்பின் அறியாதாரிடம் விடாது காசு கேட்டல் ஆகியன ஏனையவை. இவை யாவற்றிலும் அடிநிலையாக அமைவது ஒரே வினா: சேர்ந்து ஈட்டியதில், அல்லது பொதுவாய்க் கிடப்பதில், யாருக்கு எவ்வளவு?

டச்சு அறிஞர் யோஹான் ஹெய்சிங்கா 1938இல் வெளியிட்ட 'ஹோமோ லூடன்ஸ்' என்னும் நூலில், விளையாட்டில் ஏமாற்றுபவனையும் விளையாட்டைக் கெடுப்பவனையும் வேறுபடுத்துகிறார். ஏமாற்றுபவன் விதியை மதிப்பதுபோல் நடிக்கிறான். ஆதலின் ஆடுகளம் குலைவதில்லை. கெடுப்பவனோ களத்தையே உடைக்கிறான். இவ்வேறுபாடு பயனுடையதே. ஆயினும் கே.எஸ். செய்பவன் இவ்விரு வகையிலும் அடங்கான். அவன் விதியெதையும் மீறவில்லை. நிரல் அவனுக்கு இடந்தந்துள்ளது. அவன் மீறியது எழுதாத மரபை. அம்மரபை விளக்க விளையாட்டைப் பற்றிய கோட்பாடு போதாது. கொள்ளையைப் பற்றிய கோட்பாடு வேண்டும். தமிழில் அது வெட்சித்திணையாக உள்ளது.

வெட்சியும் பாதீடும்

தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சிக்குப் பதினான்கு துறைகளை வகுக்கிறது. படை புறப்படும் அரவத்தில் தொடங்கி, ஒற்றறிதல், ஊரை வளைத்தல், ஆநிரை கவர்தல், அவற்றை நோயின்றிச் செலுத்துதல் என வளர்ந்து, ஊர் மன்றில் கொணர்ந்து நிறுத்திய பின் பாதீடு, உண்டாட்டு, கொடை ஆகிய மூன்றுடன் அத்திணை நிறைவெய்துகிறது. இவ்வரிசைமுறை கூர்ந்து நோக்கத்தக்கது. நிரையைக் கவர்ந்தவுடன் வினை முடிந்துவிடுவதில்லை. கவர்ந்ததைப் பகுத்தலும் வினையின் பகுதியாகவே எண்ணப்படுகிறது. பகுத்த பின்னரே மகிழ்ச்சி. மகிழ்ச்சிக்குப் பின் வழங்குதல்.

ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை இதனை மேலும் விரிக்கிறது. அவரவர் ஆற்றிய வினையறிந்து பகுத்தலே பாதீடு என்பது அந்நூலின் கருத்து. அத்துடன், பகைப்புலத்தை அறிந்து வந்த ஒற்றர்க்கு மிகுதியாக வழங்குதலைப் 'புலனறி சிறப்பு' எனவும், நிமித்தம் பார்த்துக் கூறியோர்க்கு வழங்குதலைப் 'பிள்ளை வழக்கு' எனவும் தனித்துறைகளாக வைக்கிறது. வில்லேந்தாத நிமித்திகனுக்கும் பங்குண்டு. உளவறிந்தவனுக்கு அது மிகுதியாகவே உண்டு.

நம் மூன்றாம் மாணவனின் வினாவிற்கு விடை இங்குக் கிடைக்கிறது. அவன் பூதத்தை ஒருமுறையும் அடிக்கவில்லை. எனினும் அவன் வினையின்றி வெற்றியில்லை. அடியின் அளவைக் கொண்டு பங்கை அளப்பது விளையாட்டாளரிடையே எளிதில் தோன்றும் நீதி. வினையறிந்து பகுத்தல் அதனினும் நுண்ணியது.

எந்திரம் பகுக்கும் பங்கு

விளையாட்டுச் சமூகங்கள் இந்நுண்மையைத் தாமே தேடிக் கண்டடைந்தன என்பது வியப்பிற்குரியது. 1999இல் வெளிவந்த 'எவர்குவெஸ்ட்' விளையாட்டின் குழுக்கள், ஒவ்வொருவரும் பங்கேற்ற போர்களுக்குப் புள்ளி வழங்கி, அப்புள்ளிகளைச் செலவிட்டுப் பொருள் பெறும் முறையை வகுத்துக்கொண்டன. எந்த நிறுவனமும் அதனைக் கற்பிக்கவில்லை. 2004இல் வெளிவந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' பொருளைத் 'தேவை', 'ஆசை' என்னும் இரு கோரிக்கைகளாகப் பிரித்து, தேவை எனக் கேட்டவர்க்கு முன்னுரிமை தந்தது. தேவையின்றியே தேவை எனக் கேட்டுப் பெற்றவரும், குழுத்தலைமையைப் பயன்படுத்திப் பொருளுடன் மறைந்தவரும் 'நிஞ்சா' எனப் பழிக்கப்பட்டனர்.

இப்பூசல்களைத் தீர்க்க அவ்விளையாட்டு 2018இல் வெளியிட்ட 'பேட்டில் ஃபார் அஸெராத்' என்னும் விரிவாக்கத்தில் தலைவர் பகுக்கும் முறையை நீக்கியது. ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே எந்திரமே பங்கு வழங்கியது. நிஞ்சாக்கள் ஒழிந்தனர். ஆயின், தாம் பெற்ற பொருளைத் தம்மினும் வேண்டுவார்க்குக் கொடுக்க விழைந்தோரும் தடுக்கப்பட்டனர். தம்மிடம் உள்ளதற்கு மேம்பட்ட பொருளைக் கைமாற்ற விதி இடந்தரவில்லை. விளையாட்டாளர் பலர் இதனையே குறையாகக் கூறினர். 2022இல் வந்த 'டிராகன்ஃபிளைட்' விரிவாக்கத்தின் பெரும்போர்களில் குழுவாய்ப் பகுக்கும் முறை மீண்டும் இடம்பெற்றது.

பாதீட்டை எந்திரத்திடம் ஒப்படைத்தபோது அதனுடன் கொடையும் மறைந்தது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை என்று நாம் கருதுகிறோம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகிய நான்கையும் பெருமிதத்தின் நிலைக்களன்களாகக் கூறுகிறது. பங்கில் பிழைசெய்ய வாய்ப்பில்லாத இடத்தில் பங்கை விட்டுக்கொடுத்துப் பெருமிதம் எய்தவும் வாய்ப்பில்லை.

இசைமையும் இவ்வாறே. மேப்பிள்ஸ்டோரியில் புகழ் ஓர் எண்ணாகவே விளங்கிற்று. பதினைந்தாம் நிலையை அடைந்தவர் நாளொன்றுக்கு ஒருவரின் புகழெண்ணை ஒன்றால் உயர்த்தவோ குறைக்கவோ இயலும். பண்பிற்குப் பரிசாக அமைய வேண்டிய இவ்வசதி, இடப்பூசலில் தோற்றவர் பழிதீர்க்கும் கருவியாகவும், விலைக்கு வாங்கும் பண்டமாகவும் மாறிற்று. புகழை எண்ணாக்கலாம், அதற்குரிய காரணத்தை எண்ணாக்க இயலாது.

ஒப்புமையின் எல்லை

இவ்வொப்புமையை வரம்பின்றி நீட்டுதல் பிழையாகும். வெட்சி மறவரின் அறம் தம் படைக்குள் மட்டுமே செல்லும். ஆநிரை இழந்தோர்க்குப் பங்கில்லை, கரந்தை சூடி மீட்கும் உரிமையே உண்டு. இணைய விளையாட்டிலோ கே.எஸ். செய்யப்பட்டவர் பகைவரல்லர், அதே உலகில் வாழும் அயலார். அயலாரிடம் காட்ட வேண்டிய பண்பை வெட்சியிடம் கேட்டுப் பயனில்லை. காசு கேட்டு நச்சரிப்பவரைப் புறப்பாடல்களின் இரவலரோடு ஒப்பிடுவதும் பொருந்தாது. இரவலன் பாடலுடன் வருகிறான். கொடுப்போனுக்கும் அவனுக்கும் இடையே ஓர் உறவு பிறக்கிறது.

மேலும், பங்கிற்குள் அடங்காத தீங்கும் உண்டு. எழுத்தாலேயே இயன்ற 'லாம்டாமூ' என்னும் இணைய உலகில் ஒருவர் பிறர் பாத்திரங்கள்மீது நிகழ்த்திய பாலியல் வன்முறையை 1993இல் ஜூலியன் டிபெல் எழுதிய கட்டுரை வெளிக்கொணர்ந்தது. திரையில் நிகழ்ந்தது சொல் மட்டுமே. காயமோ திரைக்கு வெளியே இருந்தவர்க்கு. நம் நாட்டு இளையோர் தம் இனத்தைச் சுட்டி இழிக்கும் சொற்களை உரையாடல் பெட்டியில் எதிர்கொள்வதும், தாமும் பிறரை அவ்வாறே இழிப்பதும் இவ்வகையின. மெய்ப்பாட்டியல் நகைக்குரிய நிலைக்களன்களுள் எள்ளலை முதலில் வைக்கிறது. விளையாட்டையோ உவகையின்பாற் படுத்துகிறது. எள்ளி நகைப்பவன் தன் செயலை 'விளையாட்டு' என்று காத்துக்கொள்ளும்போது, நகையை உவகையென்று மயக்குகிறான். இம்மயக்கத்தைப் பெயரிட்டுக் காட்டுவது ஆசிரியர் கடன்.

முடிவுரை

'விளையாட்டுத்தானே' என்று கூறிய ஆசிரியரை நாம் குறைகூறவில்லை. அன்று நாமும் வாளாவிருந்தோம். ஆயினும் நன்னெறிக் கல்விக்குரிய வினா ஒன்று தானே வகுப்பறைக்குள் வந்து நின்றது, அதனை நழுவவிட்டோம். புறத்திணையைத் தேர்வுக்குரிய துறைப்பட்டியலாக மட்டும் கற்பிக்கும்வரை இத்தகைய வாய்ப்புகள் நழுவிக்கொண்டேயிருக்கும்.

பத்துமலை மாணவர்க்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தைப்பூசத்தன்று 272 படிகளிலும் காவடியைச் சுமப்பவர் ஒருவர். அவருக்கு நீர் கொடுப்பவர், உறுமி கொட்டுபவர், களைத்தவிடத்து முக்காலியிட்டு அமர்த்துபவர், வழிவிலக்கி முன்செல்பவர் எனச் சூழ்ந்து வருவோர் பலர். காவடியேறியது யாரால் என்று கேட்டால் மாணவரே விடை கூறுவர். முன்பின் அறியாத கூட்டம் காவடிக்கு ஒதுங்கி வழிவிடுவதையும், தண்ணீர்ப் பந்தலில் யாரென்று கேளாமல் மோர் வழங்கப்படுவதையும் அவர்கள் கண்டுள்ளனர். வெட்சி கற்பிக்காத அயலார் பண்பு அங்குள்ளது. அன்று ஆற்றியவனுக்குரிய பங்கு என்ன என்று அம்மூவரிடமே கேட்டிருந்தால், பாதீடு என்னும் துறையை அவ்வகுப்பு நூற்பாவின்றியே கற்றிருக்கும். நூற்பா பின்னர் வந்து அதற்குப் பெயர் சூட்டியிருக்கும்.