சாதனைப் பட்டியலை எப்படிப் படிப்பது?

நூறு மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் ஆண்களின் உலக சாதனைப் பட்டியலைப் பாருங்கள். 1972-இல் மார்க் ஸ்பிட்ஸ் 54.27 விநாடி, 2021-இல் கேலப் டிரெசல் 49.45. மனித உடல் படிப்படியாக வலுப்பெற்று வந்ததாகத் தோன்றுகிறதல்லவா? அப்படிப் படித்தால் ஏமாந்து போவீர்கள்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் டெனிஸ் பங்கராத்தவ் 52.27 விநாடியில் வென்று சாதனை படைத்தார். தூரத்தில் கணிசமான பகுதியை நீருக்கடியிலேயே கடந்தார். மேற்பரப்பில் நீந்துபவரின் ஆற்றலில் ஒரு பங்கு அலை எழுப்புவதிலேயே வீணாகிறது; ஆழத்தில் அந்த இழப்பு குறைவு. 1998-இல் விதி மாறியது: தொடக்கத்திலும் திருப்பத்திலும் 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்தாக வேண்டும்.

பிறகு உடை. 2005-இல் இயன் குரோக்கர் நிறுவிய 50.40 விநாடி, 2009-இல் மைக்கேல் ஃபெல்ப்ஸ் நீந்தியபோது 49.82-க்கு இறங்கியிருந்தது. அடுத்த பத்தாண்டுகள் அது அசையவில்லை. பாலியூரிதேன் கலந்த நீச்சலுடைகளை 2010-இல் தடை செய்தார்கள். அவற்றில் பிறந்த சாதனைகளை மட்டும் விட்டுவைத்தார்கள். இரு வேறு கருவிகளால் அளந்தவற்றைக் குறிப்பே இல்லாமல் ஒரே வரைபடத்தில் சேர்த்தால், எந்த ஆய்வுக்கூட ஆசிரியரும் மதிப்பெண் தரமாட்டார்!

பெண்களின் பட்டியலில் நின்று படிக்கவேண்டிய வரி ஒன்று உண்டு. 1981-இல் பதினாறு வயது மேரி மீகர், அக்காலத்துச் சாதாரண நீச்சலுடையில், 57.93 விநாடியில் நீந்தினார். 1999-இல்தான் ஜென்னி தாம்சன் அதை முறியடித்தார். வித்தியாசம் 0.05 விநாடி.