எக்காலம் என்னும் வினா: மஃரிஃபாவும் ஞானவாதமும்

பழனி மலைத்தொடரில் கொடைக்கானலை அடுத்துள்ள வட்டக்கானலின் பெயரிலேயே ஒரு சிக்கல் பொதிந்திருக்கிறது. 'கானல்' என்ற சொல்லுக்கு மலைச்சார்பான சோலை என்பது ஒரு பொருள். பேய்த்தேர் என்பது மற்றொரு பொருள். சோலை நீரைத் தேக்கி ஓடைகளை ஊட்டுவது. பேய்த்தேர் நீர்போல் தோன்றி ஏமாற்றுவது. அக அமைதி நாடிப் பல நாட்டு இளைஞர்கள் வந்து தங்கும் அச்சிற்றூரில், மூடுபனி பள்ளத்தாக்கை மறைப்பதைக் காணும்போது பழைய வினா ஒன்று எழுகிறது. கண்முன் விரியும் இவ்வுலகம் இறைவனை அறிவிக்கும் சோலையா, அவனை மறைக்கும் பேய்த்தேரா?

இவ்வினாவுக்குத் தரப்படும் விடையே, இஸ்லாமிய மரபின் மஃரிஃபாவையும் நாஸ்டிசிசம் எனப்படும் ஞானவாதத்தையும் பிரிக்கும் எல்லைக்கோடு என நாம் கருதுகிறோம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கத்திற்குச் சொல்லொற்றுமையும் துணைபோகிறது. கிரேக்கத்தின் 'க்னோசிஸ்', வடமொழியின் 'ஞானம்' ஆகிய இரண்டும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. தக்கலை பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சி, ஞானப்பால் முதலிய நூற்பெயர்களில் 'ஞானம்' முன்னிற்கிறது. செய்யித் ஹுஸைன் நஸ்ர் ஆங்கிலத்தில் மஃரிஃபாவை 'க்னோசிஸ்' என்றே பெயர்த்தாலும், அச்சொல்லை ஞானவாதப் பிரிவுகளிலிருந்து வேறுபடுத்தியே ஆள்கிறார். அவ்வேறுபாடு தமிழுக்கு வரும்போது எளிதில் தொலைந்துபோகிறது.

ஞானவாதிகளைப் பற்றி உலகம் நெடுங்காலம் அவர்களுடைய எதிரிகளின் எழுத்துகள் வழியாகவே பெரிதும் அறிந்திருந்தது. 1945இல் மேல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் காப்டிக் மொழிச் சுவடிகள் கிடைத்தபின் நிலைமை மாறியது. அவற்றின் கொள்கைகள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல. 'நாஸ்டிசிசம்' என்ற பொதுப்பெயரே 17ஆம் நூற்றாண்டில் ஹென்றி மோர் என்ற ஆங்கில அறிஞர் புனைந்ததுதான். எனினும் 'யோவானின் இரகசிய நூல்' போன்றவற்றில் ஒரு கருத்து தெளிவாக உள்ளது. இவ்வுலகைப் படைத்தவன் உயர்ந்த கடவுள் அல்லன். தன் அறியாமையைத் தானே அறியாத கீழ்நிலை ஆற்றல். உடல் சிறை, ஞானம் என்பது அச்சிறையினின்றும் தப்புவதற்கான இரகசியத் திறவுகோல்.

மஃரிஃபா குறித்துப் பேசிய தொடக்ககால ஸூஃபிகளுள் ஒருவரான துன்னூன் மிஸ்ரி (ரஹ்) அவர்களும் மேல் எகிப்தின் அக்மீம் நகரைச் சார்ந்தவரே. ஆயின் நிலம் அண்மையது என்பதால் கொள்கையும் வழிவழி வந்ததாகிவிடாது. ஸூஃபிகளுக்குப் படைத்தவனும் அறியப்படுபவனும் ஒருவனே. வானமும் பூமியும் அவனுடைய அத்தாட்சிகள். அந்நூர் அத்தியாயத்தின் 35ஆம் வசனம் மாடத்து ஒளியை உவமிக்கிறது. அதனை விளக்கவே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'மிஷ்காத்துல் அன்வார்' இயற்றினார். அதே அத்தியாயத்தின் 39ஆம் வசனம் கானல்நீரை உவமிக்கிறது. அங்கே கானலென உரைக்கப்படுவது படைப்பு அன்று, நிராகரிப்போரின் செயல்களே. இவ்வேறுபாடு ஊன்றி நோக்கத்தக்கது.

இவ்வளவுகோல் தமிழ்க் கவிதைக்குப் பொருந்துமா என்பதே நம்முன் உள்ள கேள்வி. அதற்குக் கடினமான சான்று, 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாஹிபு அவர்களே. உடலையும் உலக இன்பத்தையும் இழித்துரைக்கும் சித்தர் மரபின் சொல்லாட்சி அவர் பாடல்களில் மிகுதி. பராபரம், மனோன்மணி எனும் விளிகளும் அவ்வாறே. இவற்றைக் கண்டு அவரைப் புறந்தள்ளுவோர் உளர். சமயங்களைக் கடந்த இரகசிய ஞானி என்று கொண்டாடுவோரும் உளர். இரு சாராரும் செய்யும் பிழை ஒன்றே. அவர்கள் சொல்லைப் பார்க்கின்றனர். பாடலின் அமைப்பைப் பார்ப்பதில்லை.

அவருடைய கண்ணிகளின் ஈற்றைக் கவனிக்கவேண்டும். பராபரக்கண்ணியும் றகுமான் கண்ணியும் அடிதோறும் இறைவனை முன்னிலையில் விளிக்கின்றன. எக்காலக் கண்ணி 'எக்காலம்' என்ற வினாவிலேயே ஒவ்வொரு முறையும் முடிகிறது. திறவுகோல் கைவசம் உள்ளவன் இவ்வாறு கேளான். இங்கே ஞானம் உடைமை அன்று, வேண்டுதல். உலகை இகழும்போதும் அவர் அதனைப் படைத்தவனை இகழ்வதில்லை, அவனிடமே முறையிடுகிறார். அவருடைய வெறுப்பு, படைப்பின் மீதன்று. படைப்பில் சிக்கிப் படைத்தவனை மறந்த தம் நஃப்ஸின் மீதே. முகியித்தீன் சதகம் பாடிய அவர் காதிரிய்யா தரீக்காவின் குருவழியில் நின்றவர் என்பதையும் மறத்தற்கில்லை. 'தனிப்பட்ட இறையனுபவம்' என இக்காலத்தார் கூறுவது அவருக்குத் தனித்துப் பெற்ற அனுபவம் அன்று. ஷைகின் கைப்பற்றிப் பெற்றது.

இதனால் அவருடைய எல்லா அடிகளும் குறையற்றவை என்று நாம் வாதிடவில்லை. சில இடங்களில் மரபுச் சொல்லாட்சி கவிஞரை மீறி ஓடிவிடுகிறது; உடலும் ஓர் அமானிதம் என்ற உணர்வு அங்கே மங்குகிறது. அக்குறையைக் குறையென்றே சுட்டவேண்டும். அதனைக் கொண்டு ஒரு கொள்கையை அவர்மீது ஏற்றுதல் தகாது.

வட்டக்கானலில் பனி விலகும்போது வெளிப்படுவது வேறோர் உலகம் அன்று. முன்பு மறைந்திருந்த அதே பள்ளத்தாக்கும் சோலையுமே. ஆரிஃபின் அறிவும் இத்தகையதே என்பது நம் துணிபு. திரை இருந்தது படைப்பில் அன்று, காண்பவனின் கண்ணிலே.