கைநாட்டும் கணக்கும்

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம். பட்டியல் சாதிப் பெண்களை மட்டும் எடுத்தால் 65.64. முதல் எண்ணைத்தான் மேடைகளில் கேட்டிருக்கிறேன்.

அந்த இரண்டாவது எண்ணாவது நிஜமா? ஏழு வயதான எவரும் ஏதாவதொரு மொழியில் புரிந்து படிக்க, எழுதத் தெரிந்தால் எழுத்தறிவுள்ளவர். பரீட்சை கிடையாது. வீட்டில் இருக்கிறவர் சொல்வதே கணக்கு. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பாத்திரம் கழுவ வரும் சேரி அக்கா ஒருவர் சொன்னார்: "அறிவொளியில பேரெழுதக் கத்துக்கிட்டேன் தம்பி. கணக்கெடுக்க வந்தப்ப எம்மவன் என்னையும் படிச்சவன்னுட்டான். பஸ்ஸு போர்டெல்லாம் தெரியாது, நம்பரப் பாத்து ஏறுவேன்."

1990களின் தொடக்கத்தில் அறிவொளி சேரிக்குள் வந்தது, பெண்கள் ராத்திரியில் கூடிப் படித்தார்கள். அதை மறுக்க மாட்டேன். ஆனால் கையெழுத்துக்கு அப்புறம் இந்த அக்காவின் கையில் படிக்க ஒரு தாள்கூடத் தரப்படவில்லை. எழுத்தறிவு என்று நாம் கொண்டாடுவது பல இடங்களில் இந்தக் கையெழுத்தைத்தான்.

2020 முதல் ரேஷன் கடையில் கைரேகை மிஷின். கைநாட்டு என்று ஏசிய ஊர், இப்போது விரலை வை என்கிறது. பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த ரேகை சில மாசம் பதியாது. "கையெழுத்துப் போடறேங்கறேன், அது செல்லாதாம்."