ஆய்தத்துக்கு வாய்த்த பெயர்

ஒருங்குறி அட்டவணையின் தமிழ்ப் பகுதியைப் புரட்டும் ஆசிரியர் எவரும் ஆய்தத்தின்முன் சற்றே திகைத்து நிற்பர். அங்கே அதற்கு இட்டுள்ள பெயர் ‘தமிழ் விசர்க்கக் குறி’. தொல்காப்பியர் சார்பெழுத்து மூன்றனுள் ஒன்றாக வைத்த எழுத்து, வடமொழி எழுத்தொன்றின் பெயரால் வழங்குகிறது. அதற்கு முந்திய இடத்தில் அனுஸ்வாரம். ‘தமிழில் வழங்குவதில்லை’ என அதனடியில் அட்டவணையாரே குறித்துள்ளனர். வழங்காத எழுத்துக்குச் சொந்த வீடு, வழங்கும் எழுத்துக்கு இரவல் பெயர்! 1991-இல் வெளிவந்த முதற் பதிப்பு, இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவாக 1988-இல் வகுத்த இஸ்கி முறையைப் பின்பற்றியதன் விளைவு இது.

இப்பெயரை நீக்கிவிட்டு வேறு பெயர் இடலாகாதா என அன்பர் பலர் வினவுகின்றனர். ஆகாது என்பதே என் கருத்து. சினங்கொள்ளுமுன் காரணத்தைக் கேட்டருள்க.

நாம் தட்டச்சிடும் செயலி எழுத்தின் உருவை அறியாது. ஓர் எண்ணை மட்டுமே இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. 2965 எனில் ககரம், 2947 எனில் ஆய்தம் என்று எழுத்துருவின் துணையுடன் வரைந்து காட்டுவது இயங்குதளம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ளது ஓர் உடன்படிக்கை. அது மாறினால் எழுதியதெல்லாம் பாழ்.

நம் நாட்டார்க்கு இது புதிதன்று. கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கிய காலந்தொட்டு, ஆளுக்கொரு குறியீட்டு முறை தமிழில் எழுந்தது. 1999-இல் சென்னையில் கூடிய மாநாடு டாம், டாப் என இரண்டைத் தரப்படுத்தியும் பழையன மறையவில்லை. அக்காலத்தில் நான் தட்டச்சிட்ட வினாத்தாள்கள் என்னிடம் உள்ளன. இன்றைய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் கோணற் குறிகளும் கொட்டுகின்றன. அந்த எழுத்துருவைச் செய்தவர், ‘இவ்வெண்கள் மாறா’ என்றோ ‘மாறக்கூடும்’ என்றோ ஒரு வரி எழுதி வைத்தாரில்லை.

லினக்ஸ் கருவகத்தார் இவ்வகையில் பாராட்டத்தக்கவர். செயலிகள் நம்பியிருக்கும் இடைமுகங்களை நிலையானவை, சோதனையில் உள்ளவை, கைவிடப்பட இருப்பவை, நீக்கப்பட்டவை என நான்காகப் பகுத்து ஆவணப்படுத்துகின்றனர். நிலையானவற்றுக்கு அவர்கள் தரும் உறுதி, குறைந்தது 2 ஆண்டு. ஒருங்குறியாரோ காலவரையின்றி உறுதி தருகின்றனர். 1996-இல் கொரிய எழுத்துத் தொகுதியை இடம்பெயர்த்து, முன்னர் எழுதியவற்றைக் குலைத்துக் கற்ற பாடம் அது. அதன்பின் எழுத்து இடம் மாறாது, நீங்காது, பெயரும் மாறாது. பெயரைச் சொல்லி எழுத்தை அழைக்கும் நிரல்களும் உள்ளன அல்லவா? பத்துமலைப் படிகளுக்கு 2018-இல் வண்ணம் தீட்டியபோது பெரும் விவாதம் எழுந்தது. ஆயினும் படிகள் 272-ஆகவே இருந்தமையால் காவடி எடுப்போரின் கால்கள் தடுமாறவில்லை.

நிற்க. பெயரை மாற்ற வேண்டா என்பதால் பிழையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. கன்னடத்தில் வழக்கொழிந்த ழகரத்துக்கு ஒருங்குறியார் ‘ஃபா’ என்று பெயரிட்டுவிட்டனர். பிழை தெரிந்தபின் அப்பெயரை அழித்தாரில்லை. முறையான மாற்றுப்பெயர் ஒன்றைப் பக்கத்தில் சேர்த்தனர். நிரல்கள் அதனையும் ஏற்கின்றன. நம் ஆய்தத்துக்குக் கிட்டியிருப்பதோ அட்டவணையில் ஓர் ஓரக்குறிப்பு மட்டுமே. மனிதர் படிக்கலாம், நிரல் அப்பெயரால் அழைக்க இயலாது. என் குறை இவ்விடத்தில்தான். வழக்கொழிந்த எழுத்துக்குக் கிடைத்த மதிப்பு, பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் எழுதும் எழுத்துக்கு ஏன் இல்லை?

பெயரை மாற்றுக என்று முறையிட்டால் விதியைக் காட்டித் திருப்பி அனுப்புவர். மாற்றுப்பெயர் தருக என்று கேட்பின் மறுக்க அவ்விதி இடந்தராது. உத்தமம் போன்ற அமைப்புகள் அதனைக் கேட்டுப் பெற முயலலாம். 2947 அங்கேயே இருக்கும். விசர்க்கம் என்னும் பெயரும் இருக்கும். ஆய்தம் என்று அழைத்தாலும் நிரல் திரும்பிப் பார்க்கும்.