திரும்பி வந்தவரும் வீட்டில் இருந்தவர்களும்: ‘பூமியின் உப்பு’ ஆவணப்படத்தை முன்வைத்து

பிரேசில் நாட்டுப் புகைப்படக் கலைஞர் செபஸ்தியாவோ சல்காடோவைப் பற்றி விம் வெண்டர்ஸும், சல்காடோவின் மூத்த மகன் ஜூலியானோவும் சேர்ந்து இயக்கிய ‘பூமியின் உப்பு’ 2014இல் வெளிவந்தது. கான் திரைப்பட விழாவில் விசேட பரிசு பெற்றது. ஒஸ்கார் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. இதைப் பற்றி எழுதியோரில் அநேகர் இதனை ஒரு வீடு திரும்புதலின் கதையாகவே வாசித்தனர். உலகின் துயரங்களைப் படம் பிடித்துக் களைத்துப்போன ஒருவர், பெற்றோரின் காணிக்குத் திரும்பி, மரம் நட்டுக் குணமடைகிறார். படமும் தன்னை அப்படித்தான் வாசிக்கும்படி கேட்கிறது. முதல் தடவை பார்த்தபோது நானும் அப்படியே பார்த்தேன். இரண்டாம் தடவை பார்க்கையில்தான் ஒரு கேள்வி தொந்தரவு செய்யத் தொடங்கியது. திரும்பி வந்தவரை இவ்வளவு நேரம் பார்க்கும் இப்படம், அவர் யாரிடம் திரும்பி வந்தாரோ அவர்களை ஏன் இவ்வளவு குறைவாகப் பார்க்கிறது?

சல்காடோ 1944இல் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் அயிமொரேஸ் என்ற ஊரில் பிறந்தவர். தந்தை மாட்டுப் பண்ணைக்காரர். பிள்ளை பொருளியல் படித்தார். 1967இல் லேலியா வானிக்கைத் திருமணம் செய்தார். இராணுவ ஆட்சியின் நெருக்கடி காரணமாக 1969இல் இருவரும் பாரிசுக்குப் போனார்கள். அங்கே லேலியா கட்டடக்கலை படித்தார். அந்தப் படிப்பின் தேவைக்காக ஒரு கமரா வீட்டுக்கு வந்தது. கணவர் அதை எடுத்துப் பார்த்தார்; பிறகு கீழே வைக்கவே இல்லை. 1973இல் சர்வதேசக் கோப்பி நிறுவனத்தின் உத்தியோகத்தை விட்டார். மறு வருடம் ஜூலியானோ பிறந்தார். பொதுமன்னிப்பு வந்த 1979 வரை சொந்த நாட்டுக்கு அவரால் போக முடியவில்லை. பத்து வருடங்களுக்குப் பிறகு போனபோது பெற்றோர் முதுமையை எட்டியிருந்தார்கள். படத்தில் இது சில நிமிடங்களில் கடந்துபோகிறது. கொஞ்சம் நின்றிருக்கலாம்.

படத்தின் சிறப்பான பகுதி வெண்டர்ஸ் கையாண்ட ஓர் உத்தி. இருட்டறையில் சல்காடோ தனது படங்களைப் பார்த்துப் பேசுகிறார். அந்தப் படம் தெரிகின்ற அரைகுறைக் கண்ணாடிக்குப் பின்னால் கமரா இருக்கிறது. ஆகவே அவர் படத்தைப் பார்க்கும்போது எம்மையும் பார்க்கிறார். சேரா பெலாடாத் தங்கச் சுரங்கத்தில் மண்மூட்டைகளோடு ஏணிகளில் ஏறும் ஆயிரக்கணக்கானோரின் மீது அவரது முகம் மெல்ல எழுந்து வருகிறது. சாஹேல் பஞ்சம், குவைத்தின் எரியும் எண்ணெய்க் கிணறுகள், 1994இன் ருவண்டா என்று அவர் சொல்லிக்கொண்டே போகையில், படங்கள் அவரது முகத்துக்குள் இருந்து வருவது போலிருக்கிறது. ருவண்டாவுக்குப் பிறகு மனிதர்கள் மீதிருந்த நம்பிக்கையை இழந்தேன் என்கிற இடத்தில் குரல் உயராமலேயே சொல்கிறார். அந்த இடத்தில் வெண்டர்ஸும் வாய் திறக்காதிருந்தது அவரது நிதானத்துக்குச் சான்று. மற்ற இடங்களில் அவரது வியப்பு கொஞ்சம் அதிகம்.

ஜூலியானோவின் பங்கு வேறு வகையானது. சிறு வயதில் தந்தை என்பவர் அவருக்குப் பெரும்பாலும் இல்லாத ஒருவர். தூர தேசங்களிலிருந்து கதைகளோடு வந்து திரும்பவும் போகிற சாகசக்காரர். (மத்திய கிழக்கில் உழைத்த வாப்பாவைச் சட்டமிட்ட படத்தில் பார்த்து வளர்ந்த எமது பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.) மகன் வளர்ந்து, கமரா பழகி, தந்தையின் பயணங்களுக்குக் கூடப் போகிறார். அமேசன் காட்டில் சோஎ மக்களிடம், பாப்புவாவின் மலைகளில், ருஷ்யாவின் வட துருவ எல்லையிலுள்ள ரேங்கல் தீவில் என்று அவர் எடுத்த காட்சிகள் படம் முழுக்க வருகின்றன. ரேங்கல் தீவில் ஒரு துருவக் கரடி குடிசைக்குக் கிட்டவே வந்து நிற்கிறது. உள்ளே தந்தையும் மகனும். தந்தைக்குக் கவலை, கரடிக்குப் பின்னால் நல்ல பின்னணி இல்லை. படம் அமையவில்லை என்பது. மகனின் கமராவோ கரடியை விட்டுவிட்டுத் தந்தையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. முழுப் படத்திலும் என்னை மிகவும் பாதித்த காட்சி இதுதான். குடும்பத்துக்கு அருகே வந்தவர் தந்தை என்று படம் சொல்கிறது. காட்சிகள் காட்டுவதோ, தந்தைக்கு அருகே இருப்பதற்காக உலகத்தின் ஓரம் வரை போன மகனை. இந்த முரணைப் படம் உணர்ந்திருக்கிறதா என்பது எனக்கு ஐயமே.

பண்ணைக்கு வருவோம். இவரது பால்யத்தில் பாதிக்கு மேல் மழைக்காடாயிருந்த காணி, பெற்றோரிடமிருந்து இவர்களிடம் வந்தபோது கிட்டத்தட்ட மொட்டையாகக் கிடந்தது. காட்டின் மீதி அரை வீதம்தான். நீரூற்றுகள் வற்றியிருந்தன. அந்நிலத்தில் மீண்டும் காடு வளர்க்கலாம் என்ற யோசனை லேலியாவினுடையது. 1998இல் இருவரும் ‘இன்ஸ்டிடியூட்டோ டெர்ரா’வைத் தொடங்கினார்கள். நாற்றுமேடை அமைத்து, அந்தப் பிரதேசத்துக்குரிய மரவகைகளையே தேடி நட்டார்கள். பின்வந்த வருடங்களில் நட்ட கன்றுகளின் தொகை இருபது இலட்சத்தைத் தாண்டியது. ஊற்றுகள் திரும்பின.

யோசனை லேலியாவினுடையது என்பதைப் படம் மறைக்கவில்லை. ஆனால் ஒரு தகவல் போல் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. சல்காடோவின் புத்தகங்களை வடிவமைத்தவர் அவர். கண்காட்சிகளை ஒழுங்கமைத்தவர் அவர். 1994இல் இருவரும் நிறுவிய ‘அமசோனாஸ் இமேஜஸ்’ நிலையத்தை நடத்தியவரும் அவரே. மாதக்கணக்கில் கணவர் வெளியே இருக்க, பாரிசில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவரும் அவர்தான். இளையவர் ரொட்ரிகோ 1979இல் டவுண் சிண்ட்ரோமுடன் பிறந்தவர். அந்த வீட்டின் நாட்கள் எப்படி நடந்தன, யார் இரவில் விழித்திருந்தார் என்பவை படத்தில் இல்லை. ரொட்ரிகோவுக்குக் கிடைப்பது ஒரு சிறு அத்தியாயம். லேலியா பேசுகிறார், சிரிக்கிறார், பழைய படங்களில் அழகாக இருக்கிறார். கண்ணாடிக்கு முன்னால் அவரை யாரும் உட்கார வைக்கவில்லை. புகைப்படங்களில் எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று எத்தனையோ வருடங்கள் மேசையில் குனிந்து தீர்மானித்த ஒருவர், அந்தப் படங்களைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார்? நான் கேட்க விரும்பியது அதைத்தான்.

சூசன் சொண்டாக் 2003இல் வெளியான ‘மற்றவர்களின் வலியைக் கருதுதல்’ நூலில் சல்காடோவின் இடப்பெயர்வுப் படங்களின் மீது ஒரு குற்றச்சாட்டை வைத்தார். படக்குறிப்புகளில் அம்மனிதர்களுக்குப் பெயர் இல்லை. பிரபலமானவருக்கு மட்டும் பெயர் சொல்லி, வலுவற்றவரை அவரது தொழிலின், இனத்தின், துயரத்தின் மாதிரியாக்கிவிடும் பழக்கத்துக்கு இதுவும் உடந்தையாகிறது என்பது அவரது வாதத்தின் சாரம். அழகு கூடிவிட்டது என்ற வழமையான குறையை விட இது ஆழமானது. ஆவணப்படத்தைப் பார்க்கையில் அது இன்னும் கூர்மையடைகிறது. ஏனெனில் இங்கே சல்காடோ குடும்பத்தில் எல்லோருக்கும் பெயர் உண்டு. திரும்பிப் போக அவருக்குக் காணி உண்டு, உறுதி உண்டு, கடவுச்சீட்டு உண்டு. 1997இல் கொங்கோக் காட்டுக்குள் அலைந்த ருவண்டா அகதிகளைப் படம் பிடித்தவர் அவர். அவர்களில் எத்தனை பேருக்கு அந்த வாய்ப்பு இருந்தது? அவர் திரும்பியதை நான் குறை சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வெண்டர்ஸ் முன்வரவில்லை என்பதே என் குறை.

இன்னொன்று. சல்காடோவின் ‘ஜெனிசிஸ்’ திட்டத்துக்கும், பண்ணையின் காடு வளர்ப்புக்கும் உதவியோரில் ‘வாலே’ என்ற பிரேசில் சுரங்கக் கம்பனியும் இருந்தது. படம் இது பற்றிப் பேசவில்லை. 2015 நவம்பரில் மரியானாவில் கழிவணை உடைந்து 19 பேர் இறந்தனர். அயிமொரேஸ் வழியாக ஓடும் டோசே ஆறு சேறாயிற்று. அந்தச் சுரங்கத்தின் பங்குதாரர்களில் ஒருவர் அதே ‘வாலே’. படம் வந்து ஒரு வருடத்துக்குப் பின் நடந்ததைப் படத்தின் தலையில் போட முடியாது. எனினும் இன்று இதைப் பார்ப்பவர், மீண்டு வந்த சொர்க்கம் என்ற கதையை முன்போல் எடுத்துக்கொள்ள மாட்டார்.

திரும்பி வந்தார் என்பதிலும் பாதிதான் உண்மை. மரங்கள் வேர் பிடித்ததும், 2004இல் ‘ஜெனிசிஸ்’ படங்களுக்காக எட்டு வருடப் பயணத்தைத் தொடங்கிவிட்டார். வீடு பாரிசிலேயே இருந்தது. அங்கேதான் 2025 மே 23இல், 81ஆவது வயதில் காலமானார். அதற்கடுத்த நாள் அவர் ரீம்ஸ் நகருக்குப் போகவிருந்தார். ஒரு தேவாலயத்துக்காக ரொட்ரிகோவின் ஓவியங்களைக் கொண்டு வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் செய்திருந்தார்கள். அவற்றைப் பார்க்கத்தான் அந்தப் பயணம்.