பாதிப் பேருக்குப் பலித்த ஊசி

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர், உடல் அதைத் தள்ளிவிடாதிருக்க நாள்தோறும் மருந்து உண்கிறார். அம்மருந்து தடுப்பூசியின் பயனையும் மழுக்கிவிடுமா? 2021 மே மாதம் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை இதை ஆராய்ந்தது. உறுப்பு மாற்றுப் பெற்ற 658 பேரில் 46 விழுக்காட்டினருக்கு, எம்.ஆர்.என்.ஏ. வகைக் கொரோனா ஊசி இரு தவணை போட்டபின்னும் எதிர்ப்பொருள் தோன்றவில்லை. மைக்கோபீனோலேட் போன்ற மருந்துகளை உண்டோரிடம் பலன் இன்னும் குறைவு. எதிர்ப்பொருள் சுரக்க வெள்ளணுக்கள் பெருகவேண்டும்; அம்மருந்தோ பெருக்கத்தையே தடுப்பது!

பயனுள்ள கட்டுரைதான். ஆனால் நோயைத் தாக்கும் டி அணுக்களை அவர்கள் அளக்கவில்லை. ஒப்பிட நலமுள்ளோர் குழுவும் இல்லை. எனவே, நண்பர்களே, 'ஊசி வீண்' என்று இதிலிருந்து முடிவுகட்டாதீர்கள். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அமெரிக்கா இத்தகையோருக்கு மூன்றாம் தவணையை அனுமதித்தது.