இரு தாயர், ஒரு தராசு

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்தபோது பெரும் வாதப் பிரதிவாதங்களை எழுப்பிற்று. மழைநாளில் பேருந்துக்குக் காத்திருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். பதறிய தாய், செய்தியை ஊரறியாமல் மறைத்து, மகளின் தலையில் நீரை ஊற்றி, அவள் தூயவளே எனத் தேற்றுகிறாள். 1972-ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி பரிசைப் பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலிலோ, தாயின் கூக்குரலால் ஊரே அறிந்துவிடுகிறது. அண்ணன் தங்கை கங்காவை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அந்த ஒரு நாள் அவளது வாழ்வு முழுவதையும் விழுங்கிவிடுகிறது.

நிகழ்ச்சி ஒன்றே, தீர்ப்புகள் இரண்டு. ஆகவே நன்மை தீமை என்பன அவரவர் பார்வையைப் பொறுத்தவை என்று சிலர் முடிவு கட்டக்கூடும். நாவலின் தலைப்பும் அதற்குத் துணைநிற்பதுபோல் தோன்றும்.

ஆனால் எல்லாம் பார்வையே எனில், அண்ணனின் செயலைக் கண்டு நம் நெஞ்சம் ஏன் கொதிக்க வேண்டும்? அது அந்த வீட்டின் வழக்கம் என்று அமைதி கொள்ளலாமே! ஊர் வழக்கை எதிர்த்து நீதி கேட்க வேண்டுமாயின், ஊர் வழக்குக்கும் மேலான அளவுகோல் ஒன்று இருந்தே ஆக வேண்டும். சார்புக் கொள்கை கங்காவுக்குப் பரிந்து பேசுவதுபோல் தோன்றினும், அவளைத் துரத்தியவர்களுக்கே அது அரணாகிறது.

கி.பி. 410-இல் உரோமை நகர் சூறையாடப்பட்டபோது கற்பழிக்கப்பட்ட பெண்களை அன்றைய உலகமும் இகழ்ந்தது. புனித அகுஸ்தினாரோ ‘கடவுளின் நகரம்’ என்னும் நூலின் முதற்பகுதியில், கற்பு உள்ளத்தின் பண்பு. மனம் இசையாதபோது பிறர் செய்யும் வன்செயலால் அது அழியாது என்று வாதாடினார். பதினைந்து நூற்றாண்டுகளுக்குப் பின், அவரை அறியாத ஓர் ஏழைத் தாயைக் கதாசிரியர் அதே தீர்ப்பை வழங்கச் செய்கிறார். நாடு வேறு, சமயம் வேறு, காலம் வேறு, தராசு ஒன்றே.

அந்த மாணவியின் மனம் எவ்வளவு இசைந்தது என்பதில் வாசகர் வேறுபடலாம். அறிவும் விருப்பமும் குறையுமளவுக்குக் குற்றப்பொறுப்பும் குறையும் என்றே திருச்சபையின் அறநெறி கற்பிக்கிறது. ஆயினும் பொறுப்பு குறைவதால் தீமை நன்மையாகிவிடாது. இவ்விரண்டையும் பிரித்தறியாதவர்களே இரக்கத்தைச் சட்டத்திற்குப் பகையெனக் கருதுகின்றனர்.

சிறுகதையில் ஒரு குறை உண்டு. மகள் நீராட்டப்படுகிறாள், கெடுத்தவனோ எவருக்கும் கணக்குக் கொடாமல் போய்விடுகிறான். தாயின் நீர் அவளுக்கு ஆறுதல் தந்தது, நீதி தரவில்லை. நம் பங்குகளிலும் இத்தகைய மகள் ஒருத்தி கதவைத் தட்டும்போது, அவளை ஏற்பதோடு நம் கடமை முடிந்துவிடுமா? தவறு எவனுடையது என்று உரக்கச் சொல்லும் துணிவு நமக்கு உண்டா?

தீமையைத் தீமையென உறுதியாகச் சொல்பவரால் மட்டுமே, குற்றமற்றவரைக் குற்றமற்றவர் என்றும் உறுதியாகச் சொல்ல இயலும்.